கத்தி வேணாம் சார், கரண்டி போதும்



மூணு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டாம இருந்துட்டு, வந்ததும் வராததுமா கோல்ஃப் பத்தி எழுதறானேன்னு உங்களுக்குக் கடுப்பாகும். "உனக்கென்னப்பா, ஊட்டியில எஸ்டேட்டு இருக்கா?"ன்னு பின்னூட்டத்துல கேக்கப் போற அந்த நாலு பேருக்கு முன்கூட்டியே பதில் சொல்லிடறேன். இல்லை சாமி. கனகசெட்டிக்குளத்துல ஒரு பழைய வீடு, பக்கத்துல வேலி போடாத ஒரு காலி மனை, ஒரு பழைய கார். அவ்வளவுதான் நம்ம எஸ்டேட்.

கனகசெட்டிக்குளம் எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு: சென்னையிலேருந்து ஈ.சி.ஆர்ல மரக்காணம், அனுமந்தை எல்லாம் தாண்டி வந்தா புதுச்சேரி எல்லை ஆரம்பிக்கிற ஊர். எல்லைன்னதும் உங்களுக்கு என்ன கடை ஞாபகம் வருதுன்னு எனக்குத் தெரியும். அதுக்குத் தனிப்பதிவு போடலாம். இப்ப வேண்டாம்.

சென்னையில வேலை பார்த்தப்ப, நாலாவது ஆள் குறையுதுன்னு மேனேஜர் என்னை ஒரு ஞாயித்துக்கிழமை மைதானத்துக்கு இழுத்துட்டுப் போனார். அன்னிக்குப் பிடிச்ச பைத்தியம். வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்தப்புறமும் விடல. மாசம் ஒரு தடவை, ராத்திரி மூணு மணிக்கு எழுந்து வண்டியை எடுத்து, நண்பரோட விருந்தாளியா உள்ள போய், பதினெட்டு குழி ஆடிட்டு, மத்தியானம் வெயில்ல திரும்பி வருவேன். ஹேண்டிகேப் 26. அதாவது, சுமாருக்கும் கீழே.

சரி, மேட்டருக்கு வருவோம். நம்மள மாதிரி அரைகுறை ஆட்டக்காரங்க எந்த மாதிரி வெட்ஜ் வாங்கணும்னு எனக்கு ஒரு அழுத்தமான கருத்து இருக்கு. அந்தக் கருத்து எனக்கு வந்ததுக்கு இன்னொருத்தர் காலு வீங்க வேண்டியிருந்துச்சு. அந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன்.

நடந்தது என்ன

2023 மே மாசம். எந்த மைதானம்னு கேக்காதீங்க. தப்பு என்னோடது, மைதானத்தோடது இல்ல.

அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் ஒரு புது வெட்ஜ் வாங்கியிருந்தேன். பேர்பெற்ற கம்பெனி. மெல்லிசா, கத்தி மாதிரி, பார்த்தாலே கையில எடுக்கத் தோணும். 60 டிகிரி லாஃப்ட், 4 டிகிரி பவுன்ஸ். ஏன் வாங்கினேன்? டிவியில பில் மிக்கல்சன் பந்தை வானத்துக்கு நேரா தூக்கி, கொடிப் பக்கத்துல இலை விழற மாதிரி இறக்குவாரே, அதைப் பார்த்துட்டுதான். வேற எந்தக் காரணமும் இல்லை. அவர் வருஷம் முழுக்க அதே வேலையா இருக்கிற ஆளு, நான் மாசம் ஒரு நாள் ஆடுற ஆளுன்னு கார்டு தேய்க்கும்போது தோணல.

அன்னிக்கு ஏழாவது குழி. பந்து பங்கர்னு சொல்ற மணல்குழியில போய் உக்காந்துடுச்சு. கரையெல்லாம் மெத்துனு புது மணல். முதல் அடி: மட்டை மண்வெட்டி மாதிரி மணலுக்குள்ள போய்ச் சொருகி நின்னுடுச்சு. பந்து ஒரு ஜாண் நகர்ந்துச்சு. ரெண்டாவது அடியும் அதே கதை. மணிக்கட்டு வேற விண்ணுனு வலி. நண்பர்கள் மூணு பேரும் கிரீன்ல நின்னு கைக்கடிகாரத்தைப் பார்க்கறாங்க. மூணாவது அடியில, மறுபடி மணல்ல சொருகிடுமோங்கற பயத்துல, என்னை அறியாமலே கையைத் தூக்கிட்டேன். மட்டையோட முன்விளிம்பு பந்தோட நடுவயித்துல பட்டுச்சு.

கோல்ஃப் ஆடினவங்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். பந்து எழும்பவே இல்லை. முழங்கால் உயரத்துல, தோட்டா மாதிரி கிரீனைத் தாண்டிப் போச்சு. கிரீனுக்கு அந்தப் பக்கம் என் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்ன கேடி அண்ணனோட முழங்கால் எலும்புல போய் அடிச்சுச்சு.

அவர் கத்தவே இல்லை. அப்படியே உக்காந்துட்டார். ஓடிப்போய்ப் பார்த்தா எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். "ஒண்ணுமில்ல சார், ஒண்ணுமில்ல சார்"னு அவர் எனக்குச் சமாதானம் சொல்றார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் எக்ஸ்ரே எடுத்தோம். நல்லவேளை, எலும்பு உடையல. ஆனா ரெண்டு வாரம் அவரால நடக்க முடியல. கேடி வேலையில பை தூக்கினாத்தான் காசு. தூக்காத நாளுக்குக் கூலி கிடையாது. அந்த ரெண்டு வாரத்துக் கூலியை நான் கொடுத்தப்ப வாங்கவே மாட்டேன்னுட்டார். அவர் வீட்டுக்காரம்மா கையில கொடுத்துட்டு வந்தேன்.

வாசல்ல செருப்பு மாட்டும்போது அவர் சொன்னதுதான் தலைப்பு: "சார், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு இந்தக் கத்தி வேணாம் சார். கரண்டி போதும்."

இருபது வருஷத்துக்கு மேல அடுத்தவங்க ஆடறதைப் பக்கத்துல நின்னு பார்த்தவர். அவர் சொன்ன ஒரு வரியோட அர்த்தம் எனக்குப் புரிய கொஞ்ச நாள் ஆச்சு.

வெட்ஜ்னா என்ன, பவுன்ஸ்னா என்ன

ஆடாதவங்களுக்காகச் சுருக்கமா. கிரீன் கிட்ட வந்தப்புறம், நூறு கஜத்துக்குள்ள ஆடற ஆட்டத்துக்கு ஷார்ட் கேம்னு பேர். அதுக்குன்னு இருக்கற, முகம் நல்லா மல்லாந்த மட்டைகள்தான் வெட்ஜ். முகம் எவ்வளவு மல்லாந்திருக்குங்கறது லாஃப்ட். பிட்ச்சிங் வெட்ஜ் 44லேருந்து 48 டிகிரி வரைக்கும் இருக்கும். கேப் வெட்ஜ் 50, 52. சாண்ட் வெட்ஜ் 54லேருந்து 56. லாப் வெட்ஜ் 58, 60, அதுக்கு மேலேயும் உண்டு.

கடையில எல்லாரும் லாஃப்டைத்தான் பேசுவாங்க. பக்கத்துலேயே சின்னதா இன்னொரு எண் பொறிச்சிருக்கும். அதுதான் பவுன்ஸ். மட்டையைத் தரையில வச்சா, முன்விளிம்பைவிட அடிவயிறு எவ்வளவு கீழே தொங்குதுங்கறதோட கோணம். 4லேருந்து 6 வரைக்கும் கம்மி, 7லேருந்து 10 வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல அதிகம்னு மேலோட்டமா வச்சுக்கலாம்.

இது எனக்குப் புத்தகத்துல படிச்சுப் புரியல. எங்க ஊர்க் கடற்கரையிலதான் புரிஞ்சுச்சு. காலையில மீன் பிடிச்சுட்டு வர்ற பைபர் போட்டுங்க கரையேறறதைப் பார்த்திருக்கீங்களா? அலை மேல வேகமா வந்து, மணல்ல மோதி நிக்காம, வழுக்கிக்கிட்டே மேல ஏறி வந்து நிக்கும். ஏன்? மூக்கு மேல தூக்கி இருக்கு, அடிவயிறு மணலைத் தொடுது. அதே போட்டு மூக்கைக் கீழே குத்திக்கிட்டு வந்தா என்ன ஆகும்? மணல்ல சொருகும், உள்ள இருக்கற ஆளு தூக்கி வெளியே எறியப்படுவான்.

அவ்வளவுதாங்க பவுன்ஸ். மூக்கு சொருகாம வயிறு வழுக்கணும். என்னோட 4 டிகிரி கத்தி, மூக்கைக் குத்திக்கிட்டு வந்த போட்டு. தோசைக் கரண்டியை மாவுக்கு அடியில நைஸா விடற மாதிரி பந்துக்கு அடியில இருக்கற மணலை அள்ளணும். நான் காய்கறி நறுக்கற மாதிரி வெட்டிக்கிட்டு இருந்தேன்.

இன்னொரு விஷயமும் இருக்கு. நம்மள்ல நிறைய பேரு அடிக்கும்போது கையை முன்னாடி தள்ளிடுவோம். அப்படித் தள்ளினா மட்டை முகம் நிமிர்ந்து, இருக்கற கொஞ்ச பவுன்ஸும் காணாமப் போயிடும். நாலு டிகிரி இருக்கற மட்டையில கையை முன்னாடி தள்ளினா மிச்சம் என்ன இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

கண்டுபிடிச்சதே ஒரு சாம்பியன்தான்

"மன்னிக்கிற மட்டை" (ஆமா, தப்பா அடிச்சாலும் தண்டனை கம்மியா கொடுக்கற மட்டைகளை அப்படித்தான் சொல்றாங்க) வாங்கறதுன்னா நம்மாளுங்களுக்கு ஒரு கூச்சம். சின்னப் பசங்க சைக்கிள்ல ரெண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் மாட்டின மாதிரி நினைப்பு. நானும் அப்படி நினைச்சவன்தான். அந்தக் கூச்சம் உள்ளவங்களுக்கு ஒரு பழைய கதை.

1930கள் வரைக்கும் பங்கர்லேருந்து அடிக்க நிப்ளிக்னு ஒரு மெல்லிசான மட்டைதான். மணல்ல சொருகிக்கும். என் கத்தியோட தாத்தான்னு வச்சுக்குங்க. ஜீன் சரசன்னு அமெரிக்காவுல ஒரு ஆட்டக்காரர். இத்தாலியிலேருந்து வந்த தச்சர் ஒருத்தரோட மகன். சின்ன வயசுல கேடியா பை தூக்கினவர். 1922லேயே யு.எஸ். ஓபன் ஜெயிச்சவர். அவ்வளவு பெரிய சாம்பியனுக்கே மணல்னா உதறல். விமானம் ஓட்டக் கத்துக்கிட்டப்ப, வால் பக்கம் கீழே இறங்கினதும் விமானம் மேல எழும்பறதைப் பார்த்தாராம். அதே மாதிரி மட்டைக்கு அடியில ஒரு வயிறு வச்சா என்னன்னு தோணிச்சாம். ஈயத்தை உருக்கி நிப்ளிக்குக்கு அடியில பத்த வச்சு, ராவி ராவி ஒரு தடிச்ச அடிப்பாகம் உண்டாக்கினார். 1932ல இங்கிலாந்துல பிரின்சஸ் மைதானத்துல நடந்த பிரிட்டிஷ் ஓபனுக்கு அதைக் கொண்டு போனார். முன்கூட்டியே பார்த்துட்டா தடை பண்ணிடுவாங்களோன்னு ஒளிச்சு ஒளிச்சு வச்சிருந்தார்னு சொல்வாங்க. ஜெயிச்சார். அடுத்த வருஷமே வில்சன் கம்பெனி அந்த மாதிரி மட்டையை ஆர்-90ங்கற பேர்ல கடைக்குக் கொண்டு வந்துடுச்சு.

யோசிச்சுப் பாருங்க. சாண்ட் வெட்ஜ்ங்கற மட்டை பொறந்ததே மன்னிக்கறதுக்குத்தான். அதைப் பண்ணினது உலகத்துலேயே நல்லா ஆடின நாலஞ்சு பேர்ல ஒருத்தர். அவருக்கு வராத வெக்கம், ஹேண்டிகேப் 26 வச்சுக்கிட்டு இருக்கற எனக்கு ஏன் வந்துச்சு?

மன்னிக்கிற வெட்ஜ்ல என்ன இருக்கும்

மூணே விஷயம்.

1. அகலமான அடிப்பாகம். முன்விளிம்புலேருந்து பின்னாடி வரைக்கும் நல்ல அகலமா இருக்கணும். பந்துக்கு ஒரு இஞ்சு முன்னாடியே மண்ணுல பட்டாலும் சொருகாம வழுக்கி வரும்.

2. பின்பக்கம் குடைஞ்ச தலை. நடுவுல இருக்கற இரும்பைக் குடைஞ்சு எடுத்து ஓரத்துக்குத் தள்ளியிருப்பாங்க. அப்ப ஓரத்துல பந்து பட்டாலும் மட்டை கையில திருகாது, தூரமும் ரொம்பக் குறையாது. இந்த யோசனையைப் பிரபலமாக்கினவர் கார்ஸ்டன் சோல்ஹைம். ஜெனரல் எலெக்ட்ரிக்ல இன்ஜினியர். நாப்பது வயசுக்கு மேலதான் கோல்ஃப் ஆட ஆரம்பிச்சார். பட்டிங் சரியா வரலைன்னு கடுப்பாகி, 1959ல தன் வீட்டு கராஜ்ல தானே ஒரு பட்டர் பண்ணினார். பிங் கம்பெனி பொறந்த கதை அது. அவரும் நம்ம ஜாதிதான் பாருங்க: சரியா ஆட வராத ஆளு!

3. சரியான லாஃப்ட். லாஃப்ட் ஏற ஏற, தப்புக்கு இடம் குறையும். 60 டிகிரியில பந்தோட அடியில கொஞ்சம் தள்ளிப் பட்டா, முழு வேகத்துல அடிச்சும் பந்து மேல எழும்பி காலடியிலேயே விழும். கொஞ்சம் மேல பட்டா தோட்டா. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி ரொம்பச் சின்னது. 54, 56ல அந்த இடைவெளி கொஞ்சம் பெருசு.

இந்த மூணும் சேர்ந்த வகையில இப்ப நிறைய வருது. கிளீவ்லண்ட் கம்பெனியோட சிபிஎக்ஸ் வரிசை ஒரு உதாரணம். அதே கம்பெனியோட ஸ்மார்ட் சோல், பெயருக்கேத்த மாதிரி அடிப்பாகம் இன்னும் அகலம். காலவே கம்பெனியும் குடைஞ்ச வெட்ஜ் போட்டிருக்காங்க. நான் யாருக்கும் விளம்பரம் பண்ணல. எனக்கு யாரும் காசும் கொடுக்கல (கொடுத்தா வேணாம்னு சொல்ல மாட்டேன் :)).

ஆனா நம்ம தரை வேற

இங்கதான் இணையத்துல வெள்ளைக்காரங்க எழுதற அட்வைஸை அப்படியே எடுத்துக்கக் கூடாது. "பவுன்ஸ் உன் நண்பன், அதிகமா வாங்கு"ன்னு எழுதுவாங்க. பாதி உண்மை.

ஒரு சோதனை பண்ணிப் பார்த்தேன். நண்பர்கிட்டேருந்து 56 டிகிரி, 12 பவுன்ஸ், அகலமான அடி உள்ள ஒரு மட்டையைக் கடன் வாங்கினேன். அதையும் என் கத்தியையும் எடுத்துக்கிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கடற்கரைக்குப் போனேன். காஞ்ச மணல்ல ஆளுக்கு இருபது பந்து. கத்தி பெரும்பாலும் சொருகுச்சு. கரண்டி பெரும்பாலும் அள்ளிக் கொடுத்துச்சு. அலை நனைச்சுக் கெட்டியான ஈரமணலுக்கு வந்தேன். இப்ப கரண்டி கொஞ்சம் துள்ள ஆரம்பிச்சுச்சு. அப்புறம் வீட்டுப் பக்கத்துக் காலி மனை. வெயில்ல காஞ்சு சிமெண்ட் மாதிரி கிடக்கற செம்மண், அங்கங்க நாலு புல்லு. (இங்க பிளாஸ்டிக் பந்துதான். பக்கத்து வீட்டு ஜன்னல் முக்கியம்.) அந்தத் தரையில கரண்டியோட வயிறு முதல்ல தரையில மோதித் துள்ளி, முன்விளிம்பு பந்தோட நடுவுல பட்டுச்சு. மறுபடி தோட்டா! கத்தியே அங்க பரவாயில்ல.

ஆக, தரையைப் பார்த்துத்தான் மட்டை. சென்னை மைதானங்க சித்திரை வைகாசியில காஞ்சு இறுகிப் போயிருக்கும். அதே மைதானம் ஐப்பசி கார்த்திகை மழையில சதசதன்னு ஆயிடும். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் (1895ல ஆரம்பிச்சது, காட்டெருமை மேய வர்ற மைதானம்) மாதிரி மலை மேல போனா, ஈரப்பசையோட மெத்து மெத்துனு இருக்கும். மூணுக்கும் ஒரே மட்டைதான் வச்சிருக்கோம்னா, நடுவுலதான் நிக்கணும்.

என்னோட சிபாரிசு இதுதான்:

முதல்ல உங்க செட்ல இருக்கற பிட்ச்சிங் வெட்ஜோட லாஃப்டைப் பாருங்க. இப்ப வர்ற செட்டுகள்ல அது 44 பக்கம்தான் இருக்கும். அதுலேருந்து அஞ்சாறு டிகிரி இடைவெளி விட்டு ஒண்ணு, அதுலேருந்து அஞ்சாறு விட்டு இன்னொண்ணு. 44, 50, 56. முடிஞ்சுது. மொத்தம் 14 மட்டைதான் பையில வைக்கலாம், அதுல நாலு வெட்ஜை அடைச்சு என்ன பண்ணப் போறோம்?

56ல பவுன்ஸ் 10லேருந்து 12. அடி அகலமா இருக்கட்டும், ஆனா குதிகால் பக்கமும் பின்விளிம்பும் கொஞ்சம் சீவி எடுத்ததா பாருங்க. அதைத்தான் கிரைண்ட்னு சொல்வாங்க. சீவி இருந்தா காஞ்ச தரையில துள்றது குறையும்.

காஞ்ச தரையில பந்து கிடந்தா 56ஐத் தொடவே தொடாதீங்க. பிட்ச்சிங் வெட்ஜோ எட்டாம் நம்பரோ எடுத்து, பட்டர் மாதிரி பிடிச்சு உருட்டி விடுங்க.

புதுசு வாங்கினா ஒரு வெட்ஜுக்குப் பத்தாயிரத்துக்கு மேல ஆகும். பழசு வாங்கறதுல தப்பே இல்லை. முகத்துல இருக்கற கோடுகள்ல நகத்தை விட்டுப் பாருங்க. நகம் மாட்டினா வாங்கலாம், வழுக்கினா விட்டுடுங்க. எங்கள மாதிரி கடலோரத்துல இருக்கறவங்க குரோம் பூசினதா வாங்குங்க. பூசாத இரும்பு ஸ்டைலா இருக்கும், ஆனா உப்புக்காத்துல ரெண்டே வாரத்துல செங்கல் கலருக்கு வந்துடும். ஆட்டத்துக்குக் கெடுதல் இல்லை, பார்க்கறவங்கதான் குப்பையில பொறுக்கினதான்னு கேப்பாங்க.

"அப்ப நீ கத்துக்கவே மாட்டியா?"

இதைச் சொன்னதும் நண்பர் ஒருத்தர் சண்டைக்கு வந்துட்டார். "மன்னிச்சுக்கிட்டே இருந்தா புள்ள எப்படி உருப்படும்? கத்தியிலேயே கத்துக்கடா. அதுல வர்ற ஃபீல் இதுல வராது"ங்கறது அவர் கட்சி.

அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. மெல்லிசான மட்டையில முகத்தைத் திறந்து வச்சு, காஞ்ச தரையிலேருந்து பந்தைத் தூக்கற வித்தையெல்லாம் அகலமான அடியை வச்சுக்கிட்டுச் சுலபமா பண்ண முடியாது. வாரத்துக்கு நாலு நாள் பயிற்சி பண்றவங்க, ஒத்தை இலக்க ஹேண்டிகேப்காரங்க தாராளமா கத்தி வாங்கட்டும். அவங்களுக்கு நான் சொல்ல ஒண்ணுமில்லை.

என் கணக்கு வேற. மாசம் ஒரு ஆட்டம், ஆட்டத்துக்கு ரெண்டு தடவை பங்கர்ல விழுவேன். வருஷத்துக்கு 24 அடி. தொழில்முறை ஆட்டக்காரர் காலை டிபனுக்கு முன்னாடி அவ்வளவு அடிச்சுடுவார். 24 அடியில கத்தியைப் பழக எனக்கு இன்னும் ரெண்டு ஜென்மம் வேணும். அது மட்டுமில்ல, ஒவ்வொரு தடவையும் சொருகிக்கிட்டே இருந்தா கத்துக்க மாட்டோம், பயப்படத்தான் பழகுவோம். அன்னிக்கு மூணாவது அடியில என் கையைத் தூக்க வச்சது அந்தப் பயம்தானே? பந்து வெளிய வந்தாத்தான் அடுத்த தடவை தைரியமா முழுசா வீசுவோம். முழுசா வீசினாத்தான் கத்துக்கவே முடியும்.

ஷார்ட் கேம்னா வித்தை காட்டறது இல்லைங்கறதுக்கு நம்ம நாட்டுலேயே ஆள் இருக்கார். எஸ்.எஸ்.பி. சவுராசியா. 1829ல ஆரம்பிச்ச ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்ல புல்தரை பார்த்துக்கிட்டவரோட மகன். அங்கேயே ஆடிப் பழகினவர். நீளமா அடிக்கறதுக்குப் பேர் போனவர் இல்லை. கிரீனைச் சுத்தி ஆடற ஆட்டத்துக்காகவே அவருக்கு "சிப்புட்ஸியா"ன்னு பட்டப்பேர். 2008ல டெல்லியில இந்தியன் மாஸ்டர்ஸ், அப்புறம் 2016லேயும் 2017லேயும் இந்தியன் ஓபன்னு ஜெயிச்சார். பந்தைச் சிப் பண்ணி, பட் பண்ணி, கம்மியான அடியில முடிக்கணும். அதுதான் அவர் பட்டப்பேர்லேயே இருக்கு.

புதுச்சேரிக்காரங்களுக்கு இது புதுசும் இல்ல. டவுன்ல சாயங்காலம் பெத்தாங்க் ஆடறவங்களைப் பார்த்திருப்பீங்க. இரும்புக் குண்டைச் சின்ன மரக்குண்டு கிட்ட கொண்டு போய் நிறுத்தற பிரெஞ்சுக்காரங்க ஆட்டம். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கற ஒரு சொல்தா தாத்தா ஆடறதை ஒரு நாள் நின்னு பார்த்தேன். சின்னப் பசங்க குண்டை உயரத் தூக்கிப் போடறாங்க. அது விழுந்து எங்கேயோ துள்ளிப் போகுது. தாத்தா குனிஞ்சு, முழங்கால் உயரத்துக்கு மேல தூக்காம, உருட்டி விடறார். போய்ப் பக்கத்துல நிக்குது. "ஏன் தாத்தா தூக்கிப் போட மாட்டேங்கறீங்க?"ன்னு கேட்டேன். "தரையில போற குண்டு நம்ம பேச்சைக் கேக்கும் தம்பி. ஆகாசத்துல போறது யார் பேச்சையும் கேக்காது"ன்னார். இதுக்கு மேல லாப் வெட்ஜ் பத்தி நான் என்ன எழுதறது?

முடிவா

கத்தியை வித்துட்டேன். பாதி விலைக்குத்தான் போச்சு. அந்தக் காசுல பழசா ஒரு 50, ஒரு 56. ரெண்டும் பின்னாடி குடைஞ்சது, அடி அகலமானது. பார்க்க அழகா இருக்காது. மண்சட்டியில கிடக்கற அகப்பை மாதிரிதான் இருக்கும்.

ஸ்கோர் பிரமாதமா குறைஞ்சுடல. ரெண்டு, மூணு அடி குறைஞ்சிருக்கும். ஆனா தோட்டா பறக்கறது அபூர்வமாயிடுச்சு. எனக்கு அதுதான் பெருசு. நாம தப்பா அடிச்சா நமக்கு ஸ்கோர் கார்டுல ஒரு எண் கூடும், அவ்வளவுதான். எதிர்ல தோள்ல பையோட நிக்கற ஆளுக்கு ரெண்டு வாரக் கூலி போகும். மன்னிக்கிற மட்டைன்னு சொல்லும்போது அது நம்மளை மட்டும் மன்னிக்குதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். கௌரவத்துக்குக் கத்தி வாங்கறவங்க கடையில பில் போடறதுக்கு முன்னாடி கிரீனுக்கு அந்தப் பக்கம் நிக்கற ஆளை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்க்கணுங்கறதுதான் என் கட்சி.

போன மாசம் போயிருந்தேன். அதே கேடி அண்ணன்தான் கூட வந்தார். மறுபடி ஒரு பங்கர். அகப்பையை எடுத்து, பயப்படாம முழுசா வீசினேன். ஒரு கை மணலோட பந்து எழும்பி, கொடியிலேருந்து பதினஞ்சு அடியில விழுந்துச்சு. டிவியில காட்டற அடியெல்லாம் இல்ல. ஆனா முதல் அடியிலேயே வெளிய வந்துடுச்சு. பெருமையா அவர் எங்கேன்னு தேடினா, கிரீன் பக்கம் ஆளையே காணோம்.

எனக்கு நேர் பின்னாடி, பங்கருக்கு வெளிய, பையை முன்னாடி வச்சுக்கிட்டு நிக்கறார்.

"என்னண்ணே, அதான் கரண்டி வாங்கிட்டேனே, இன்னும் ஏன் பின்னாடி நிக்கறீங்க?"ன்னு கேட்டேன்.

"பழகிடுச்சு சார்"னு சிரிச்சார்.

அன்புடன்,
கனகசெட்டிக்குளத்தான்

பி.கு. 1: கோல்ஃப் ஆடற பதிவர்கள் யாராவது இருந்தா, எந்த வெட்ஜ் வச்சிருக்கீங்க, எந்த மைதானத்துத் தரைக்கு எது ஒத்து வருதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கத்திக் கட்சிக்காரங்களும் வரலாம். ஆனா நான் கிரீனுக்கு அந்தப் பக்கம் நிக்க மாட்டேன்.

பி.கு. 2: எல்லைக் கடைகள் பத்தின பதிவு கண்டிப்பா வரும். ஆராய்ச்சி போய்க்கிட்டு இருக்கு. ஹிஹி.